வெளித் திரை வரவில்லையா? அந்த போர்ட் எந்தச் சிப்பில் என்று முதலில் பாருங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "இன்டெல் சிப்பும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060-உம் உள்ள லேப்டாப். உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றுதான் வருகிறது. விண்டோஸில் அதே கேபிள், அதே மானிட்டர் ஒழுங்காக வேலை செய்கின்றன. வேறு கேபிளும் வாங்கிப் பார்த்துவிட்டேன். மானிட்டரை கேரோசலில் விற்றுவிட்டு வேறு வாங்கலாமா அண்ணே?"

விற்க வேண்டாம், தம்பி. விண்டோஸில் படம் வருகிறது என்றால் மானிட்டர், கேபிள், போர்ட் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. இனி கேபிளுக்குக் காசு போட வேண்டியதில்லை. கோளாறு லினக்ஸ் (உங்கள் உபுண்டு) பக்கம்தான். அங்கேயும் தேட வேண்டிய இடங்கள் நாலைந்துதான்.

உங்கள் லேப்டாப்பில் படம் வரையும் சிப் இரண்டு. ஒன்று இன்டெல் செயலிக்குள்ளேயே இருப்பது. இதை உள் சிப் என்று வைத்துக்கொள்வோம். மற்றது தனியாக உட்கார்ந்திருக்கும் என்விடியா. லேப்டாப்பின் சொந்தத் திரை பெரும்பாலும் உள் சிப்போடு கம்பியால் இணைந்திருக்கும். எச்டிஎம்ஐ போர்ட் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் என்விடியாவோடு இணைந்திருக்கும். டைப்-சி போர்ட் மாடலுக்கு மாடல் மாறும்; ஒரே லேப்டாப்பில் ஒரு டைப்-சி உள் சிப்பிலும் இன்னொன்று என்விடியாவிலும் இருப்பதும் உண்டு. இந்தக் கம்பி மதர்போர்டிலேயே பதிந்தது. மென்பொருளால் மாற்ற முடியாது. மக்ஸ் என்ற மாற்றுச் சுவிட்ச் உள்ள லேப்டாப்களில்கூட அது பெரும்பாலும் சொந்தத் திரையைத்தான் இடம் மாற்றும்.

அதனால்தான் என்விடியா டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) சரியாக ஏறாத லினக்ஸில் லேப்டாப் திரை பளிச்சென்று இருக்கும், எச்டிஎம்ஐ மட்டும் செத்துக் கிடக்கும். உள் சிப்புக்கு எல்லாம் நலம். அந்த போர்ட் அதன் பொறுப்பில் இல்லை, அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதற்கு முன்னால், எந்த போர்ட் எந்தச் சிப்பில் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்டுபிடிப்பது எளிது. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். முதலில் 'எல்எஸ்பிசிஐ -கே'. நீளமாக ஓடும் பட்டியலில் என்விடியா வரியைத் தேடுங்கள். வரியின் தொடக்கத்தில் 'விஜிஏ கம்பேட்டிபிள் கன்ட்ரோலர்' என்று இருந்தால் அந்தச் சிப்புக்குத் திரைப் போர்ட் இருக்க வாய்ப்பு அதிகம். '3டி கன்ட்ரோலர்' என்று இருந்தால் பொதுவாக அதில் போர்ட்டே கிடையாது. எல்லாப் போர்ட்டும் உள் சிப்பில். அப்படி என்றால் என்விடியா டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பயனும் இல்லை. அதே இடத்தில் 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியையும் பாருங்கள். அங்கே என்விடியா, அதற்கான திறமூல டிரைவரான நூவோ இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். வரியே இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை.

அடுத்து 'எல்எஸ் -எல் /டெவ்/டிஆர்ஐ/பை-பாத்'. இன்டெல் உள் சிப்பின் முகவரி 00:02.0, அந்த வரி எந்தக் கார்டு எண்ணைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்விடியா பெரும்பாலும் 01:00.0. கார்டு எண் 0-இல்தான் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். புதிய கர்னல்களில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) 1, 2 என்று வருவது சகஜம், ரீஸ்டார்ட் செய்ததும் எண்கள் இடம் மாறுவதும் உண்டு.

பிறகு மானிட்டரைச் செருகி, மானிட்டரை ஆன் செய்து, உள்ளீட்டையும் எச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டு 'கிரெப் . /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்/*/ஸ்டேட்டஸ்' என்று தட்டுங்கள். கிரெப்புக்குப் பிறகு இடைவெளி, புள்ளி, இடைவெளி. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரி வரும்: 'கார்டு1-இடிபி-1' என்பது லேப்டாப்பின் சொந்தத் திரை, 'கார்டு2-எச்டிஎம்ஐ-ஏ-1' என்பது எச்டிஎம்ஐ. வரியின் கடைசியில் 'கனெக்டட்' அல்லது 'டிஸ்கனெக்டட்' இருக்கும். இன்டெல் பக்கத்தில், லேப்டாப்பில் உண்மையில் இல்லாத போர்ட்டுகளின் பெயர்களும் டிபி-1, டிபி-2 என்று வரிசையாக வரும். அவற்றை நம்ப வேண்டாம். 'கனெக்டட்' என்ற சொல்தான் சாட்சி.

இங்கே மூன்று விதமாக விடை வரலாம். என்விடியா கார்டின் பெயரில் ஒரு போர்ட்கூட இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை, அல்லது ஏறியும் திரையை ஆளும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. போர்ட் இருக்கிறது, செருகியும் 'டிஸ்கனெக்டட்' என்றால் சிப் தூங்குகிறது, அல்லது கேபிள் பக்கத்தில் ஏதோ கோளாறு. 'கனெக்டட்' என்றே வருகிறது, ஆனால் படம் இல்லை என்றால் வன்பொருளில் குறை இல்லை. டெஸ்க்டாப் அமைப்பில் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் முதல் வகையாகத்தான் இருக்கும்.

முதல் வகைக்கு முதல் சந்தேகம் 'நோமோட்செட்'. உபுண்டுவை நிறுவும்போது திரை கறுப்பாகிவிட்டால் பலரும் 'சேஃப் கிராஃபிக்ஸ்' தேர்ந்தெடுப்பார்கள். அது இந்தச் சொல்லைக் கர்னலுக்குக் கொடுக்கிறது. நிறுவி முடித்த பிறகும் அது அங்கேயே தங்கிவிட்டால் சிப்புகள் முழு டிரைவரில் ஓடாமல் போகலாம், வெளித் திரை பெரும்பாலும் வராது. 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' தட்டிப் பாருங்கள். அந்தச் சொல் இருந்தால் '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் அதை அழித்து, 'சூடோ அப்டேட்-கிரப்' ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு சொல்தான், அது இருக்கிறவரை வேறு எதைச் செய்தும் பெரும்பாலும் பலன் இல்லை.

அடுத்தது டிரைவர். 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' எந்த டிரைவர் பொருந்தும் என்று சொல்லும். 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' அதைப் போடும். உற்பத்தியாளர் தளத்திலிருந்து '.ரன்' கோப்பை இறக்கி நிறுவ வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். கர்னல் புதுப்பித்ததும் அது உடையும், கழற்றுவதும் சிரமம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைச் சிப் உள்ளவர்களுக்கு 'ஓப்பன்' என்று பெயரில் முடியும் டிரைவர்தான் வேலை செய்யும், மற்றது அந்தச் சிப்பை ஏற்காது. உங்கள் 4060-க்கு இரண்டும் ஆகும். ஃபெடோரா லினக்ஸில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்திலிருந்து 'ஏகேமாட்-என்விடியா' போடுபவர்கள் நிறுவல் முடிந்த கையோடு ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. பின்னணியில் டிரைவர் தொகுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். 'மாடின்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' (கோட்டுக்குப் பிறகு வரும் எஃப் மட்டும் பெரிய எழுத்து) ஒரு பதிப்பு எண்ணைக் காட்டும்வரை பொறுங்கள்.

டிரைவர் நிறுவியாகிவிட்டது, ஆனாலும் 'என்விடியா-எஸ்எம்ஐ' தட்டினால் டிரைவரோடு பேச முடியவில்லை என்று பிழை வருகிறது. இதற்கு மிக அடிக்கடி காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு. இது பலரைத் தடுக்கி விழவைக்கும் இடம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 'மொகுடில் --எஸ்பி-ஸ்டேட்' தட்டினால் செக்யூர் பூட் எனேபிள்டா இல்லையா என்று தெரியும். எனேபிள்டாக இருந்தால் கையொப்பம் இல்லாத எந்தத் தொகுதியையும் (கர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) கர்னல் ஏற்காது. உபுண்டு ஏற்கெனவே கையொப்பமிட்டுத் தரும் என்விடியா தொகுதி வந்தால் தொல்லை இல்லை. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக உங்கள் லேப்டாப்பிலேயே தொகுக்கப்பட்டால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத் திரை ஒன்று வந்து 'பெர்ஃபார்ம் மாக் மேனேஜ்மென்ட்' என்று நிற்கும் (மாக் என்பது உங்கள் லேப்டாப்பின் சொந்தக் கையொப்பச் சாவி). பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். கவனிக்காமல் விட்டால் அது போய்விடும், டிரைவர் ஏறாது, காரணமும் எங்கேயும் கண்ணில் படாது. விசையை அழுத்தியதும் வரும் பட்டியலில் முதல் வரி 'கன்டினியூ பூட்'. பழக்கத்தில் என்டர் தட்டிவிட்டால் வாய்ப்பு போயிற்று. அம்பு விசையால் இறங்கி 'என்ரோல் மாக்', பிறகு 'கன்டினியூ', 'யெஸ்', முன்பு கொடுத்த கடவுச்சொல், கடைசியாக 'ரீபூட்'. தட்டும் எழுத்து திரையில் தெரியாது. தெரியாவிட்டாலும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். வாய்ப்பைத் தவறவிட்டிருந்தால் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' ஓட்டினால் மீண்டும் அந்த நீலத் திரையைக் கொண்டுவரலாம். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். விண்டோஸும் இருக்கிற லேப்டாப்பில் அது பிட்லாக்கரின் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியைக் கேட்கவைக்கலாம். மேலே சொன்னபடி மாக் சாவியைப் பதிவு செய்வதே நல்ல வழி.

டிரைவர் ஏறியும் போர்ட் தெரியவில்லையா? 'பிரைம்-செலக்ட் குவெரி' தட்டுங்கள். 'இன்டெல்' என்று வந்தால் பேட்டரி மிச்சம் பிடிக்க என்விடியா முழுக்க அணைக்கப்பட்டிருக்கிறது, அதோடு எச்டிஎம்ஐயும் போய்விட்டது. 'சூடோ பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட்' கொடுத்து ரீஸ்டார்ட். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் இதே வேலையை 'சிஸ்டம்76-பவர் கிராஃபிக்ஸ் ஹைப்ரிட்' செய்யும். பேட்டரி நீடிக்க வேண்டும் என்று யாரோ எழுதியதைப் பார்த்து 'இன்டெல்' போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து மானிட்டர் வாங்கியதும் குழம்புவது வாடிக்கை.

அதுவும் சரி என்றால் '/சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட்' கோப்பை 'சூடோ கேட்' கொண்டு படியுங்கள். 'ஒய்' வர வேண்டும். 'என்' வந்தால் '/இடிசி/மாட்ப்ரோப்.டி' அடைவில் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் என்விடியா-டிஆர்எம் மோட்செட்=1' என்ற ஒற்றை வரியை எழுதுங்கள். பிறகு 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ', ரீஸ்டார்ட். இந்த வரி இல்லாமல் என்விடியா கணக்குப் போடும், விளையாட்டு ஓட்டும், ஆனால் தன் போர்ட்டுகளைக் கர்னலுக்குக் காட்டாது. வேலண்டில் (லினக்ஸின் புதிய திரை அமைப்பு; பழையது எக்ஸ்11) இது இல்லாமல் என்விடியா போர்ட்டில் எதுவும் வராது.

இரண்டாம் வகைக்கு வருகிறேன்: போர்ட் தெரிகிறது, 'டிஸ்கனெக்டட்' என்கிறது. வேலை இல்லாதபோது என்விடியா மின்சாரத்தை விட்டுத் தூங்கிவிடும். சில லேப்டாப்களில் கேபிளைச் செருகுவது அதை எழுப்புவதில்லை. '/சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ்' கோப்பு 'சஸ்பெண்டட்' என்று சொன்னால் இதுதான். 'என்விடியா-எஸ்எம்ஐ' அல்லது 'எல்எஸ்பிசிஐ' ஒருமுறை ஓட்டினால் சிப் விழித்துக்கொள்ளும். அந்தக் கணமே மானிட்டர் வந்துவிட்டால் காரணம் உறுதி. மேசையில் சார்ஜரோடு இருக்கும்போது அதே அடைவில் 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' என்று எழுதிவிட்டால் தூங்காது. பேட்டரியில் ஓடும்போது 'ஆட்டோ'வுக்கே திருப்பிவிடுங்கள்.

மூன்றாம் வகை: 'கனெக்டட்', ஆனால் படம் இல்லை. 'எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' (டாலருக்குப் பிறகு எல்லாம் பெரிய எழுத்து) நீங்கள் எக்ஸ்11-இல் இருக்கிறீர்களா வேலண்டிலா என்று சொல்லும். எக்ஸ்11 என்றால் '/இடிசி/எக்ஸ்11/சோர்க்.கான்ஃப்' (எக்ஸ்11-இல் எக்ஸ் பெரிய எழுத்து) என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு 'என்விடியா-எக்ஸ்கான்ஃபிக்' ஓட்டியிருந்தால் அது ஒரே சிப் உள்ள மேசைக் கணினிக்கு எழுதுவதுபோல எழுதி வைத்திருக்கும். பெயரை மாற்றி ஒதுக்கிவைத்து வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு 'எக்ஸ்ராண்டர் --லிஸ்ட்ப்ரொவைடர்ஸ்'. இரண்டு சிப்பும் தெரிய வேண்டும். தெரிந்தும் திரை வரவில்லை என்றால் 'எக்ஸ்ராண்டர் --செட்ப்ரொவைடர்அவுட்புட்சோர்ஸ் 1 0', அடுத்து 'எக்ஸ்ராண்டர் --ஆட்டோ'. இதன் பொருள், 0-ஆம் சிப் வரைந்ததை 1-ஆம் சிப் தன் போர்ட்டில் காட்டட்டும் என்பது. இதற்குத் தலைகீழ் பிரைம் என்று பெயர். என்விடியா டிரைவரில் இந்த வசதி 2020-இல் 450 வரிசையில்தான் வந்தது. உள் சிப் ஏஎம்டியாக இருந்தால் 470 வரிசையிலிருந்து. அதற்கு முந்தைய காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பம்பிள்பீ என்ற பழைய கருவியை நிறுவச் சொல்லும். அவற்றைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் அமைப்பையும் அவை கெடுத்துவிடும்.

திரை வந்த பிறகு அடுத்த புலம்பல் வரும்: லேப்டாப் திரையில் எலி வழுக்கிக்கொண்டு போகிறது, வெளித் திரையில் விக்கி விக்கி நகர்கிறது. காரணம் இதுதான். டெஸ்க்டாப் முழுவதையும் உள் சிப் வரைகிறது; வெளித் திரைக்கான ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம்) என்விடியாவின் நினைவகத்துக்கு நகல் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. 4கே திரையில் விநாடிக்கு 60 முறை இது நடக்கிறது. டிரைவர் 555 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் வேலண்டில் திரை மினுக்குவதும் பழைய படம் எட்டிப்பார்ப்பதும் பெருமளவு குறையும். முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள். நகல் சுமையைக் குறைக்க என்விடியாவையே தலைமை வரைபவராக ஆக்கலாம். நோம் டெஸ்க்டாப்பில் அந்தக் கார்டுக்கு 'மட்டர்-டிவைஸ்-ப்ரிஃபர்ட்-பிரைமரி' என்ற குறியை ஒரு யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் அமைப்பு) விதி மூலம் ஒட்ட வேண்டும். கேடிஇ டெஸ்க்டாப்பில் 'கேவின்_டிஆர்எம்_டிவைசஸ்' என்ற சூழல் மாறியில் (இதுவும் பெரிய எழுத்து) கார்டுகளை வரிசைப்படி முக்காற்புள்ளி போட்டு எழுத வேண்டும். விலை பேட்டரிதான். என்விடியா இனித் தூங்காது, விசிறியும் ஓயாது.

என்னைக் கேட்டால், கோட் எழுதவும் உலாவவும் பாடம் பார்க்கவும் மட்டும் மானிட்டர் வேண்டும் என்பவர்கள் இந்தப் போராட்டத்துக்கே போக வேண்டாம். மேலே சொன்ன கிரெப் கட்டளையை டைப்-சி போர்ட்டிலும் செய்து பாருங்கள். அது உள் சிப்பின் கார்டு பெயரில் 'கனெக்டட்' காட்டினால், டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒரு கேபிளோடு உங்கள் சிக்கல் முடிந்தது. என்விடியா டிரைவர் உடைந்தாலும் மானிட்டர் நிற்காது, நகல் சுமை இல்லை, விசிறியும் அமைதி. எச்டிஎம்ஐயை விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேபிளை வாங்கும்போது சில விவரங்களைக் கவனியுங்கள். கைப்பேசியோடு வந்த டைப்-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் மெதுவான தரவுக்கும் மட்டும், படம் போகாது. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், '4கே 60 ஹெர்ட்ஸ், டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட்' என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். கடையில் காட்சிக்கு வைத்த மானிட்டரில் செருகிப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். லேப்டாப் பக்கத்தில் டைப்-சி துளைக்கு அருகே டிஸ்ப்ளேபோர்ட்டின் சின்னமோ தண்டர்போல்டின் மின்னலோ இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ மாற்றி வாங்கினால் அது எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்து 4கே-ஐ 30 ஹெர்ட்ஸிலேயே நிறுத்திவிடலாம். எலியை அசைத்தாலே சோர்வு தட்டும் வேகம் அது. யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் உள்ள மலிவான ஹப்பிலும் இதே கதைதான். டைப்-சியின் நான்கு தடங்களில் இரண்டைத் தரவு எடுத்துக்கொள்வதால் படத்துக்கு மீதி இரண்டுதான்.

ஏஎம்டி சிப்பில் எச்டிஎம்ஐ வழியாக 4கே 120 ஹெர்ட்ஸ் எதிர்பார்ப்பவர்களுக்கு: எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்தது. அந்த வேகம் வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

அலுவலக மேசைகளில் இருக்கும் டாக் (ஒரே கேபிளில் பல போர்ட் தரும் பெட்டி) தனிக் கதை. 'எல்எஸ்யூஎஸ்பி' பட்டியலில் 17இ9 என்று தொடங்கும் எண் இருந்தால் அது டிஸ்ப்ளேலிங்க். அது எந்தச் சிப்பின் போர்ட்டையும் பயன்படுத்துவதில்லை. படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தரவாக அனுப்புகிறது. அதற்கு 'இவிடிஐ' தொகுதியும் டிஸ்ப்ளேலிங்க் டிரைவரும் வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் அந்தத் தொகுதிக்கும் மாக் சாவியின் கையொப்பம் வேண்டும். எழுத்து வேலைக்குப் போதும். காணொளிக்கும் விளையாட்டுக்கும் அது சரிப்படாது.

வீவக அடுக்குமாடி வீட்டில் மேசை சின்னதாக இருப்பதால் பலர் லேப்டாப்பை மூடிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு மானிட்டரை மட்டும் பார்ப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திரை இணைந்திருந்தால் மூடியை மூடினாலும் தூங்காமல் இருப்பதுதான் சிஸ்டம்டியின் (லினக்ஸின் சேவைகளை நடத்தும் அமைப்பு) இயல்பு. மூடியதும் தூங்கிவிடுகிறது என்றால் '/இடிசி/சிஸ்டம்டி/லாகின்ட்.கான்ஃப்' கோப்பில் 'ஹேண்டில்லிட்சுவிட்ச்டாக்ட்' என்பது 'இக்னோர்' ஆக இருக்கிறதா பாருங்கள். மூடி வைக்கும் லேப்டாப்பின் காற்றுத் துளை சுவரை ஒட்டாமல் இருக்கட்டும்.

பழைய லேப்டாப் வாங்கப் போகும் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்துக் கைமாற்றும்போது மானிட்டர் இருக்காது. உபுண்டுவின் சமீபத்திய பதிப்பை ஒரு யூஎஸ்பியில் போட்டுக்கொண்டு போய், நிறுவாமல் 'டிரை' கொடுத்து, 'எல்எஸ்பிசிஐ' மட்டும் தட்டிப் பாருங்கள். என்விடியா வரியில் '3டி கன்ட்ரோலர்' என்று இருந்தால் வெளித் திரை விஷயத்தில் அந்த லேப்டாப் உங்களைப் படுத்த வாய்ப்பு குறைவு.

கடைசியாக ஒன்று, இது இன்றில்லை என்றாலும் ஒருநாள் வரும்: மாதக்கணக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மானிட்டர் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு காலையில் 'நோ சிக்னல்' காட்டும். பதற வேண்டாம். பூட் ஆகும்போது கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் மானிட்டர் வந்தால், புதிய கர்னலுக்கு என்விடியா தொகுதி தொகுக்கப்படவில்லை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அதைக் காட்டிக் கொடுக்கும். பெரும்பாலும் குறைவது அந்தக் கர்னலின் ஹெடர்ஸ் (டிரைவரைத் தொகுக்கத் தேவையான கோப்புகள்) தொகுப்புதான். 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-' என்று தொடங்கி அந்தக் கர்னலின் முழுப் பதிப்பு எண்ணோடு முடியும் தொகுப்பை நிறுவி, 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே' என்பதோடு அதே எண்ணையும் சேர்த்து ஓட்டி, புதிய கர்னலில் பூட் செய்யுங்கள்.